முன்பணம் வாங்கினால் ஜெயில்!

கொடைக்கானல் என்றதும் நமக்கெல்லாம் ஏரி, வாடகை சைக்கிள், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட்! இரண்டு நாள் சுற்றிவிட்டு, தைல பாட்டிலோடு இறங்கிவிடுவோம். ஏரியைத் தாண்டி மேற்கே இன்னும் கொஞ்ச தூரம் போக மனசு வைத்தால், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேல்மலை கிராமங்கள் ஒவ்வொன்றாக வரும். மலைச் சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ்... எல்லாவற்றுக்கும் மேலே, புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு.

கவுஞ்சிப் பூண்டுக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவுஞ்சி விவசாயி ஒருவர், மலைக்குக் கீழே வடுகபட்டி சந்தையில் கடை வைத்திருக்கும் வியாபாரியிடம் ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்குகிறார். 'வெள்ளாமை உங்களுக்குத்தான்ணே' என்று வாக்குக் கொடுக்கிறார். அறுவடை நேரத்தில் விலை எகிறுகிறது. இன்னொரு வியாபாரி கூடுதலாகத் தருகிறேன் என்கிறார். பூண்டு மூட்டை கைமாறிவிடுகிறது. இப்போது முதல் வியாபாரி என்ன செய்ய முடியும்?

சண்டை போடலாம். ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடலாம். வக்கீல் நோட்டீஸ் விடலாம். மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, கொடுத்த பணத்தையும் நஷ்டத்தையும் கேட்கலாம். ஜெயித்தால் டிக்ரி. அப்புறமும் பணம் வரவில்லையென்றால் ஜப்தி. அவ்வளவுதான்! 'வாக்குத் தவறிவிட்டான், பிடித்து உள்ளே போடுங்கள்' என்று போலீஸை அனுப்ப முடியாது. (ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியிருந்தால் அது மோசடி. அந்தக் கதை வேறு.)

சரி, அதே விவசாயி பூண்டு பிடுங்க ஒரு கூலிக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறார். அந்த ஆள் வேலைக்கு வரவில்லை. அப்போது? அதே கதைதான். பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வேண்டுமானால் வழக்குப் போடலாம். ஆளைக் கட்டி இழுத்துவர முடியாது.

'இதில் என்ன பெரிய விஷயம்? இதுதானே நியாயம்!' என்று தோன்றுகிறதா? அங்கேதான் சரித்திரம் கண்ணடிக்கிறது. இந்த இரண்டாவது ஆள், அதாவது முன்பணம் வாங்கிய கூலிக்காரர், வேலைக்கு வராமல் இருந்தால் வாரன்ட் பிறப்பிக்கலாம், மூன்று மாசம் உள்ளே தள்ளலாம் என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 67 வருஷம்!

* * *

இந்தக் கதையை இரண்டே வழக்குகளில் புரிந்துகொள்ளலாம். இரண்டிலும் சம்பந்தப்பட்டவர் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர்.

1893-ம் வருஷம். குஜராத்தில் வழக்குகள் சரியாக அமையாமல் திண்டாடிக்கொண்டிருந்த ஓர் இளம் பாரிஸ்டருக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வேலை வருகிறது. ஒரு வருஷக் கான்ட்ராக்ட். சம்பளம் 105 பவுண்டு, போக வர முதல் வகுப்புக் கப்பல் டிக்கெட், சாப்பாடு தங்குமிடம் இலவசம். பாரிஸ்டராக என்பதைவிட, கம்பெனியின் வேலைக்காரனாகத்தான் போனேன் என்ற பொருளில் அவரே பிற்பாடு எழுதினார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி!

என்ன வழக்கு? சாட்சாத் வியாபாரத் தகராறு. வாதி, தாதா அப்துல்லா கம்பெனி. பிரதிவாதி, தையப் சேட். இருவரும் போர்பந்தர்க்காரர்கள், உறவினர்களும்கூட. புரோநோட்டு விவகாரம். கேட்ட தொகை 40,000 பவுண்டு! அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லவே வேண்டாம். 'நோட்டை ஏமாற்றி வாங்கினார்கள்' என்றார் தையப் சேட். கணக்குப் புத்தகங்கள் மலை மாதிரிக் குவிந்தன. இந்த வழக்குக்காக பிரிட்டோரியா போகும் வழியில்தான் காந்தியைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஸ்டேஷனை. அவர் எதற்காக அந்த ரயிலில் ஏறினார் என்பதை மறந்துவிட்டது!

வழக்கு நடந்தால் இருவருமே வக்கீல் ஃபீஸ் கட்டியே மூழ்கிவிடுவார்கள் என்று காந்திக்குப் புரிந்தது. இரு பக்கமும் பேசி, மத்தியஸ்தத்துக்குக் கொண்டுவந்தார். தாதா அப்துல்லா ஜெயித்தார். 37,000 பவுண்டும் செலவுத் தொகையும் தரவேண்டும் என்று தீர்ப்பு. தையப் சேட்டால் ஒரே தடவையில் கொடுக்க முடியாது. நம்மூர் பாஷையில் 'மஞ்சக் கடுதாசி' கொடுக்க வேண்டியதுதான். ஆனால், திவாலாவதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிற சமூகம் அது. நீண்ட காலத் தவணையில் கட்டலாம் என்று காந்தி சம்மதிக்கவைத்தார். மானம் தப்பியது.

கவனியுங்கள். 40,000 பவுண்டு தகராறு. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. போவார்கள் என்று யாரும் நினைக்கக்கூட இல்லை.

இப்போது இரண்டாவது வழக்கு. 1894. டர்பனில் காந்தி தொழில் ஆரம்பித்து மூன்று நாலு மாசம்தான் இருக்கும். கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, வாயில் ரத்தம் ஒழுக, முன்பற்கள் இரண்டு உடைந்த நிலையில் ஒரு மனிதர் ஆபீஸுக்குள் வந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அழுகிறார். பேசுவது தமிழ். காந்தியின் குமாஸ்தா தமிழர் என்பதால் விஷயம் புரிகிறது. பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. வெள்ளைக்கார முதலாளி அடித்த அடி அது.

காந்தி முதலில் டாக்டரிடம் அனுப்பி சர்ட்டிஃபிகேட் வாங்கினார். நேராக மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப்போனார். சரி, 'இந்த முதலாளியே வேண்டாம், வேலையை விட்டுவிடு' என்று சொல்லிவிட்டால் என்ன?

சொல்ல முடியாது! சாதாரண வேலைக்காரர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையைவிட்டுப் போனால், முதலாளி சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால், ஒப்பந்தக் கூலி போனால் அது கிரிமினல் குற்றம். ஜெயில்! பல்லை உடைத்த முதலாளியிடமிருந்து ஓடினாலும் குற்றவாளி ஓடியவர்தான். இந்த வித்தியாசத்தைக் காந்தியே தன் சுயசரிதையில் விளக்குகிறார்.

அதனால் காந்தி சுற்று வழியில் போனார். பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றித் தரச் சம்மதிக்கவைத்தார். இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், புதிதாக இன்னொரு வெள்ளைக்கார முதலாளியையே தேடிப் பிடித்தார். மாஜிஸ்திரேட் பழைய முதலாளியைக் குற்றவாளி என்று தீர்மானித்து, மாற்றத்தைப் பதிவு செய்தார். பாலசுந்தரம் தப்பினார். ஆனால், விடுதலை ஆகவில்லை. கை மாறினார், அவ்வளவுதான். கவுஞ்சிப் பூண்டு மூட்டை கைமாறின மாதிரி!

ஒரே வக்கீல். ஒரே காலகட்டம். இரண்டுமே ஒப்பந்தத் தகராறு. ஒன்று வியாபாரிகளுடையது, பணத்தோடு முடிந்தது. இன்னொன்று தொழிலாளியுடையது, ஜெயில் வாசலில் நின்றது.

* * *

'அது நேட்டால், வெளிநாடு. இங்கே அப்படி இருந்திருக்காது' என்று நினைக்க வேண்டாம். இங்கேயும் இருந்தது. 1859-ம் ஆண்டின் 13-வது சட்டம்.

சிப்பாய்க் கலகம் அடங்கி, ஆட்சி கம்பெனியிடமிருந்து ராணியின் கைக்குப் போன மறு வருஷம் அது. 'ஆட்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராமல் ஏமாற்றுகிறார்கள். சிவில் கோர்ட்டுக்குப் போனால் இவர்களிடம் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது?' என்று கல்கத்தாவில் இருந்த ஐரோப்பிய வர்த்தகர்களின் சங்கம் மனுப் போட்டது. அரசாங்கத்துக்கு நியாயமாகப் பட்டது. சட்டம் வந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று வந்த சட்டம், பிறகு மற்ற இடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.

சட்டம் சொன்னது ரொம்ப எளிமை. முன்பணம் வாங்கிய தொழிலாளி, தகுந்த காரணம் இல்லாமல் வேலை செய்ய மறுத்தால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். சம்மன் அல்லது வாரன்ட் போகும். குற்றம் நிரூபணமானால் 'பணத்தைத் திருப்பிக் கொடு' அல்லது 'போய் வேலையைச் செய்' என்று உத்தரவு. இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற உரிமை யாருக்கு? புகார் கொடுத்த முதலாளிக்கு! உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாசம் வரை கடுங்காவல்.

சரி, முதலாளி கூலி கொடுக்காமல் ஏமாற்றினால்? அதற்கு இந்தச் சட்டத்தில் ஜெயில் கிடையாது. கூலிக்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். முத்திரைக் கட்டணம், வக்கீல், வாய்தா... அன்றாடம் காய்ச்சிக்கு இது நடக்கிற காரியமா? ஒரே ஒப்பந்தம். ஒரு பக்கம் மீறினால் வாரன்ட், இன்னொரு பக்கம் மீறினால் வாய்தா!

அடுத்த வருஷமே, 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே போல சில பிரிவுகளைச் சேர்த்தார்கள். பயணத்தில் சுமை தூக்கவோ, வண்டி ஓட்டவோ ஒப்புக்கொண்டவர் நடுவழியில் விட்டுவிட்டுப் போனால் குற்றம். முதலாளி தன் செலவில் தூர தேசத்துக்கு அழைத்துப்போன வேலைக்காரர் பாதியில் ஓடினால் குற்றம்.

தோட்ட முதலாளிகளுக்கு இந்த 13-வது சட்டம் வரப்பிரசாதம். நீலகிரி, வயநாடு, பிறகு பழனி மலையின் பக்கத்து வீடான ஆனைமலை... காடு அழிந்து காபியும் தேயிலையும் வந்த மலைகளுக்கெல்லாம் ஆட்கள் வேண்டும். சமவெளியில் மழை பொய்த்த கிராமங்களுக்குக் கங்காணியும் மேஸ்திரியும் வருவார்கள். கையில் முன்பணத்தை வைப்பார்கள். பசித்த வீட்டில் அந்தப் பணம் ஒரே வாரத்தில் காலி. மலைக்குப் போனால் குளிர், அட்டை, மலேரியா. கூலியில் முன்பணம் கழிப்பார்கள், அரிசிக்குக் கழிப்பார்கள், கம்பளிக்குக் கழிப்பார்கள். கணக்கு எழுதுவது கங்காணி. எழுத்துத் தெரியாதவர் கட்டைவிரலை வைக்கலாம். கேள்வி கேட்க முடியாது. பொறுக்க முடியாமல் ஓடினால், வாரன்ட் மலையிலிருந்து இறங்கி, அவர் சொந்த ஊர்வரை வரும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பணம் என்பது உதவி இல்லை. அதுதான் பூட்டு! முன்பணம் வாங்காத ஆளை இந்தச் சட்டம் தொட முடியாது. அதனால்தான் ஒவ்வொருவர் கையிலும் முதலில் பணத்தைத் திணித்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இதற்கு ஒரு தமிழ்ப் பெயரே இருந்தது. 'துண்டு'. தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 'இந்தக் கங்காணியும் அவன் ஆட்களும் எனக்கு இவ்வளவு பாக்கி. அதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறேன்' என்று அதில் இருக்கும். அடுத்த தோட்டக்காரர் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் தீராது. துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்பட்டது மனித வாழ்க்கை!

* * *

இதே காலத்தில் கோர்ட்டின் இன்னொரு பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1872, செப்டம்பர் 1. இந்திய ஒப்பந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. இன்றைக்கும் நீங்கள் வீட்டு வாடகைக்குக் கையெழுத்துப் போட்டாலும், கம்பெனியில் சேர்ந்தாலும், பூண்டுக்கு முன்பணம் வாங்கினாலும் அதே சட்டம்தான். ஒப்பந்தத்தை மீறியவர், அதனால் இயல்பாக ஏற்பட்ட நஷ்டத்தைக் கொடுத்தால் போதும் என்கிறது 73-வது பிரிவு. தண்டனை கிடையாது. பழிவாங்கல் கிடையாது. நஷ்டம் எவ்வளவு, அதை மட்டும் கொடு!

1877-ல் இன்னொரு சட்டம். ஒருவருடைய சொந்தத் திறமையை நம்பிய வேலையை, கோர்ட் வலுக்கட்டாயமாகச் செய்யவைக்காது என்றது அது. இதற்குப் பின்னால் ஒரு ருசியான லண்டன் வழக்கு இருக்கிறது.

1852. யோஹன்னா வாக்னர் என்று ஒரு ஜெர்மன் பாடகி. புகழ்பெற்ற இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் அண்ணன் மகள். லண்டனில் லம்லி என்பவரின் தியேட்டரில் மூன்று மாசம், வாரம் இரண்டு நாள் பாடுவதாகவும், வேறு எங்கும் பாடுவதில்லை என்றும் ஒப்பந்தம். போட்டித் தியேட்டர்காரர் அதிகப் பணம் தருகிறேன் என்றார். அம்மணி கட்சி மாறிவிட்டார். லம்லி கோர்ட்டுக்குப் போனார். 'இந்த அம்மாவைப் பாடு என்று நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், ஒப்புக்கொண்ட காலத்தில் வேறு மேடையில் பாடாதே என்று தடுக்க முடியும்' என்பதே தீர்ப்பின் சாரம். நம் 1877 சட்டத்தில் தியேட்டர், பாடகர், பன்னிரண்டு மாசம் என்று கிட்டத்தட்ட இதே கதையை உதாரணமாகவே போட்டிருந்தார்கள்.

பாருங்கள் வேடிக்கையை. பாடகியைப் பாடு என்று கட்டாயப்படுத்துவது அநாகரிகம் என்கிறது ஒரு சட்டப் புத்தகம். தோட்டத்தில் குழி வெட்ட மறுப்பவரைப் 'போய் வெட்டு, இல்லையேல் ஜெயில்' என்கிறது இன்னொரு சட்டப் புத்தகம். இரண்டு புத்தகமும் ஒரே கோர்ட் வளாகத்தில், ஒரே அலமாரியில், தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தன. அரை நூற்றாண்டு!

பிரிட்டனில் மட்டும் என்ன வாழ்ந்தது என்றால், அங்கேயும் இதே கதைதான். எஜமான் - வேலையாள் சட்டம் என்று வைத்துக்கொண்டு, வேலையை விட்ட தொழிலாளிகளை வருஷத்துக்குச் சுமார் பத்தாயிரம் பேர் என்ற கணக்கில் கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஆனால், தொழிற்சங்கங்கள் விடாமல் போராடின. ஓட்டுரிமை தொழிலாளர் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. 1875-ல் அந்த ஜெயில் கதவு மூடப்பட்டது. அதன் பிறகு பிரிட்டிஷ் தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் அது வெறும் சிவில் விவகாரம்.

இந்தியாவில் அதே பிரிட்டிஷ் அரசு இதைச் செய்ய இன்னும் 51 வருஷம் எடுத்துக்கொண்டது!

* * *

எப்படி முடிந்தது? ஒரு நாளில் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராகக் காந்தியும் கோகலேயும் எழுப்பிய குரல், 1917-ல் அந்த ஆள் ஏற்றுமதியை நிறுத்தவைத்தது. 'கடல் தாண்டிப் போகிறவனுக்கு அநியாயம் என்றால், உள்ளூர்த் தோட்டத்தில் இருப்பவனுக்கு மட்டும் நியாயமா?' என்ற கேள்வி வந்தே தீரும் அல்லவா? 1920-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 300 ரூபாய்க்கு மேல் போன முன்பணத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்றார்கள், மாஜிஸ்திரேட்டுக்கு நியாயம் பார்க்க இடம் கொடுத்தார்கள். வலிக்கிற பல்லுக்குக் கிராம்பு வைத்த மாதிரி!

1921-ல் அஸ்ஸாமின் சர்கோலா பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தொழிலாளர்கள், கூலி போதாமல், தோட்டங்களை விட்டு அப்படியே எழுந்து நடந்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. சாந்த்பூரில் அவர்கள் மீது கூர்க்கா சிப்பாய்களை ஏவியபோது நாடே கொதித்தது. அதே 1921-ல் இலங்கையில் 'துண்டு' முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கடைசியில் 1925-ல் இந்தியாவிலும் அந்த 13-வது சட்டம் ரத்து. கூடவே தண்டனைச் சட்டத்திலிருந்த அந்த இரண்டு பிரிவுகளும் போயின. அமலுக்கு வந்த தேதி, 1926 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்தான், ஆனால் செய்தி நிஜம்!

ஒரே ஒரு பிரிவை மட்டும் விட்டுவைத்தார்கள். குழந்தை, மனநிலை பிறழ்ந்தவர், நோயாளி மாதிரி தனக்குத்தானே எதுவும் செய்துகொள்ள முடியாதவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, பாதியில் கைவிட்டால் குற்றம். நியாயம்தானே? 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது.

சட்டம் போய்விட்டது, பூட்டு போய்விட்டதா? இல்லை. மலையிலும் சமவெளியிலும் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்துவைக்கும் கொத்தடிமை முறை தொடர்ந்தது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தான். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 23-வது பிரிவில் கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஆனாலும், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆகிவிட்டது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இரண்டு. ஒன்று, கொத்தடிமைக் கடனை வசூலிக்க சிவில் கோர்ட்டில் வழக்கே போட முடியாது. கதவு சாத்தியாகிவிட்டது. இரண்டு, கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குகிறவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில். 1859-ல் ஓடியவருக்கு மூன்று மாசம். 1976-ல் பிடித்து வைத்தவருக்கு மூன்று வருஷம். சரித்திரம் சில சமயம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது!

1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இன்னொரு வாசலையும் சாத்தினார். டிக்ரி வாங்கிய கடனுக்காக ஒருவரை சிவில் ஜெயிலில் வைக்க சட்டத்தில் இடம் உண்டு. ஆனால், கையில் பணம் வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறவரைத்தான் அப்படி வைக்கலாம். இல்லாத ஏழையை, இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே தள்ளக் கூடாது என்றார்.

* * *

மறுபடி கொடைக்கானலுக்கு வருவோம். அங்கே இந்தச் சரித்திரம் தலைகீழாகத் திரும்பிய ஒரு சம்பவம் உண்டு. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட, 2001-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்களின் சங்கம் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படி நோய் வந்ததற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்பது கம்பெனியின் வாதம். பத்து வருஷம் இழுத்தது. 2016 மார்ச்சில் சமரசம். மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி, 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் கம்பெனி பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது.

பத்து வருஷம் என்பது கொடுமைதான். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் மலைத் தொழிலாளி கோர்ட்டுக்கு வந்தது பெரும்பாலும் கையில் விலங்கோடு. இங்கே வந்தது கையில் மனுவோடு.

இதெல்லாம் மலைக்காட்டுக் கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு பையனோ பெண்ணோ கம்பெனியில் சேரும்போது 'பாண்ட்' எழுதிக் கொடுத்திருக்கலாம். 'மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் இரண்டு லட்சம்' என்று. விட நினைக்கும்போது 'போலீஸ் கேஸ் ஆயிடும்', 'வேற எங்கயும் வேலைக்குப் போக முடியாது' என்று யாராவது பயமுறுத்துவார்கள். குழந்தை ராத்திரியெல்லாம் தூங்காது.

நிஜம் என்ன? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் இப்படிப்பட்ட ஒரு பாண்டைச் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி பெரிய செலவு செய்து ஆளெடுக்கிறது, பாதியில் போனால் அதற்கு நஷ்டம். கேட்டது இரண்டு லட்சம்தான், வேறு வேலைக்குப் போகாதே என்று தடுக்கவில்லையே என்றது. ஆகவே, பாண்ட் வெறும் காகிதம் என்று அலட்சியப்படுத்தவும் வேண்டாம். அதே சமயம், அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி கேட்கக்கூடியது பணம். அதுவும் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை என்பது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமானது எவ்வளவு என்று கோர்ட் பார்க்கும். வேலைக்கு வா என்று கட்டி இழுக்க முடியாது. வாக்னர் அம்மணிக்குக் கிடைத்த அந்த உரிமை, உங்கள் மகனுக்கும் மகளுக்கும் உண்டு. வேலையை விட்ட பிறகு வேறு எங்கும் சேராதே என்று தடுக்கும் ஷரத்தை 27-வது பிரிவின்படி இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, கடிதம், ஈ-மெயில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் பயப்படாதீர்கள், பதில் போடாமலும் இருக்காதீர்கள். நஷ்டம் உங்கள் பக்கம் என்றால் மூன்று வருஷக் கெடுவை மறக்காதீர்கள். கோர்ட்டுக்குப் போகும் முன் பேசித் தீர்க்க முடியுமா என்றும் பாருங்கள். 40,000 பவுண்டு வழக்கையே காந்தி பேசித்தான் தீர்த்தார்.

சிவில் கோர்ட் என்றாலே நமக்குக் கொட்டாவிதான் வரும். வாய்தா, வாய்தா, இன்னொரு வாய்தா. தாத்தா போட்ட வழக்கில் பேரன் தீர்ப்பு வாங்குகிற இடம் என்று கிண்டல் செய்கிறோம். கிண்டலில் தப்பில்லை, அந்தத் தாமதத்தை மன்னிக்கவும் வேண்டாம். ஆனால், கொடைக்கானல் மாதிரி சின்ன ஊர்களில் பெரும்பாலும் ஒரே நீதிபதிதான் சிவில் வழக்கையும் கிரிமினல் வழக்கையும் பார்ப்பார். நூறு வருஷத்துக்கு முன்னால், அந்த மாதிரி ஒரு நாற்காலி முன்னால் வியாபாரி வந்து நின்றால் ஒரு சட்டம், கூலிக்காரர் வந்து நின்றால் வேறு சட்டம். இன்றைக்குக் கவுஞ்சிப் பூண்டுக்காரரோ, அவரிடம் முன்பணம் வாங்கிய கூலிக்காரரோ, யார் வாக்குத் தவறினாலும் கேள்வி ஒன்றுதான்: 'எவ்வளவு பாக்கி?'

இந்த ஒரு கேள்விக்கு வந்து சேர நமக்கு 67 வருஷம் ஆகியிருக்கிறது.